படத்தைப் பார்த்துவிட்டேன், இனிப் புத்தகம் படிக்கலாமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, பள்ளி முழுக்கத் தமிழ் வழி. ஹாரி பாட்டர் எட்டுப் படங்களையும் தமிழ்க் குரலில் பார்த்து முடித்துவிட்டாராம். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றும் ஆயிற்று. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பாதிக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. "கதை முழுக்கத் தெரிந்துவிட்டது. இனிமேல் அந்தத் தடித்தடிப் புத்தகங்களைப் படிப்பதில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எதில் தொடங்குவது? எட்டாவது படிக்கும் தங்கைக்கு எது சரிப்படும்?" என்பது கேள்வி. கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: பொன்னியின் செல்வன் படம் இரண்டையும் பார்த்த அவருடைய அப்பாயி, "மணிமேகலை எங்கடா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். அதற்கு என்ன பதில் சொல்வது?

கும்பகோணத்தில் இருபது வருடத்துக்கு மேல் வாடகை நூலகம் நடத்தியவன் நான். கடையை மூடியும் பல வருடம் ஆகிறது. ஆனால் இந்தக் கேள்விக்கு அங்கே உட்கார்ந்து சொன்ன பதிலைத்தான் இப்போதும் சொல்வேன். கதை தெரிந்துவிட்டதே என்று கவலைப்படுகிறீர்கள். உங்களைப் பொறுத்தவரை அதுதான் வசதி.

மெலட்டூருக்குப் போயிருக்கிறீர்களா? பாபநாசத்துக்குப் பக்கம். வருடா வருடம் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி அங்கே பாகவத மேளா நடக்கும். பிரகலாத சரித்திரம் ராத்திரி முழுக்கப் போகும். பாட்டு, வசனம் எல்லாம் தெலுங்கு. எதிரே உட்கார்ந்திருக்கிற சனத்தில் பாதிக்கு மேல் தெலுங்கு தெரியாது. இருந்தும் தூணிலிருந்து நரசிம்மம் வெளிப்படுகிற நேரத்தில் தூங்குகிற குழந்தையைத் தட்டி எழுப்பி உட்கார வைப்பார்கள். என்ன நடக்கப்போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் மொழி தெரியாமலே பின்தொடர முடிகிறது, அடவையும் முகபாவத்தையும் நிதானமாகப் பார்க்க முடிகிறது. தமிழ் வழியில் படித்துவிட்டு இங்கிலீஷ் நாவலைக் கையில் எடுக்கும் உங்கள் நிலையும் அதேதான். அடுத்து என்ன ஆகும் என்று பதறிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. தெரியாத சொல் வந்தால் கதையே அதற்கு அர்த்தம் சொல்லிவிடும்.

"முதலில் புத்தகம், அப்புறம்தான் படம்" என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் இங்கிலீஷில் சரளமாகப் படித்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு அது சரி. நான் பார்த்தவரை, படம் பார்க்காமல் முதல் பாகத்தை எடுத்துப்போன பையன்கள் நாற்பதாவது பக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான் இரண்டாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. படத்தில் எதை வெட்டினார்கள், எதை மாற்றினார்கள்? இரண்டும் வேறு வேறு. ரசிகர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டு அடித்துக்கொள்கிறார்கள்.

மாற்றுவது என்றால் என்ன என்பதற்கு நம் பக்கத்து ஆளையே சொல்லலாம். கம்பர் தேரழுந்தூர்க்காரர், மயிலாடுதுறையிலிருந்து கூப்பிடு தூரம். வால்மீகியின் கதையை எடுத்தவர், பாற்கடலை நக்கிக் குடித்துவிடலாம் என்று போன பூனை மாதிரி நான் என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு, அப்புறம் தன் இஷ்டப்படிதான் செய்தார். வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பரில் பர்ணசாலையோடு, நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போகிறான், தொடுவதில்லை. மிதிலைத் தெருவில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும் காட்சி வால்மீகியில் கிடையாது. இரணியன் வதைக்கென்று ஒரு படலமே கம்பர் சேர்த்தது. 'மூலத்தில் இல்லையே' என்று இதற்காக அவரை யாரும் அடிக்கப் போகவில்லை. காரணத்தோடு செய்த மாற்றம் என்று ஊருக்குத் தெரிந்தது. ஒரு படம் புத்தகத்திலிருந்து விலகும்போதும் நான் இதைத்தான் பார்ப்பேன். மாற்றியவருக்கு ஒரு காரணம் இருந்ததா, இல்லை நேரம் போதவில்லையா?

ஹாரி பாட்டரில் பெரும்பாலும் நேரம்தான் போதவில்லை. ஏழு புத்தகம், 1997 முதல் 2007 வரை. படங்கள் 2001 முதல் 2011 வரை எட்டு, கடைசிப் புத்தகத்தை இரண்டாக்கியதால். முதல் புத்தகம் பிரிட்டிஷ் பதிப்பில் 223 பக்கம், ஐந்தாவது 766 பக்கம். அந்தத் தொடரிலேயே பெரிய புத்தகம் ஐந்தாவதுதான், ஆனால் அதன் படம் இரண்டேகால் மணி நேரத்துச் சொச்சம். முதல் படத்தைவிடச் சின்னது! அப்படியென்றால் எவ்வளவு கழிந்திருக்கும் பாருங்கள். பீவ்ஸ் என்று பள்ளிக்கூடத்தையே படுத்தி எடுக்கும் ஒரு சேட்டைப் பேய் உண்டு, எட்டுப் படத்தில் ஒன்றில்கூட அவன் இல்லை. வீட்டு வேலை செய்யும் எல்ஃப்களுக்குக் கூலியும் விடுமுறையும் வேண்டும் என்று ஹெர்மயனி சங்கம் ஆரம்பித்து பேட்ஜ் விற்பாள், யாரும் மனசாரச் சேர மாட்டார்கள். அந்தப் பகுதியும் இல்லை. பண்ணையாள் கதை கேட்டு வளர்ந்த கீழத்தஞ்சைக்காரர்கள் அதைப் படித்தால் லேசில் சிரித்துவிட்டுப் போக மாட்டார்கள்.

இவை அலங்காரம், போனால் போகட்டும் என்று வைத்துக்கொண்டாலும், எலும்பே காணாமல் போன இடங்கள் உண்டு. மூன்றாவது படத்தில் அந்த மாய வரைபடத்தைச் செய்த நால்வர் யார் என்று சொல்லவே இல்லை. லூபின் வாத்தியாருக்கு அதை இயக்கத் தெரிந்தது எப்படி என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். நால்வரில் ஒருவர் அவர், இன்னொருவர் ஹாரியின் அப்பா. வோல்டமார்ட்டை வெல்லப் பிறக்கும் குழந்தையைப் பற்றிய அந்தத் தீர்க்கதரிசனம் ஹாரிக்கு மட்டுமே பொருந்துவதல்ல, கூடப் படிக்கும் நெவிலுக்கும் பொருந்தியிருக்கும் என்பதும் புத்தகத்தில்தான். அதைத் தெரிந்துகொண்ட பிறகு நெவிலை நீங்கள் பார்க்கும் பார்வையே வேறாகிவிடும். ஆறாவது புத்தகத்தில் வோல்டமார்ட்டின் குடும்பக் கதை நீளமாக வரும், படத்தில் அதில் கொஞ்சம்தான் மிச்சம்.

அதனால் சிலர், "படம் பார்த்தவர்கள் நான்காம் புத்தகத்திலிருந்து தொடங்கினால் போதும், முதல் மூன்றும் படத்திலேயே வந்துவிட்டது" என்று யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். முதல் புத்தகத்து ஹாரிக்குப் பதினொரு வயது, நடையும் அந்த வயதுக்குத்தான். அவன் வளர வளர வாக்கியமும் வளர்கிறது. இங்கிலீஷ் கற்றுக்கொள்ளும் ஒருவருக்கு இதைவிட நல்ல படிக்கட்டு எனக்குத் தெரியாது. முதல் படியில் கால் வையுங்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி புரட்ட வேண்டாம். ஒரே சொல் மூன்றாவது முறை வந்து இடித்தால் மட்டும் பாருங்கள்.

அடுத்தது 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன். இங்கே எனக்குக் கொஞ்சம் பேச வேண்டும்.

'தி ஹாபிட்' 1937-இல் வந்த ஒற்றைப் புத்தகம், பத்தொன்பது அத்தியாயம், குழந்தைகளுக்கு எழுதியது. அதை 2012, 2013, 2014 என்று மூன்று படமாக இழுத்தார்கள், மொத்தம் எட்டு மணி நேரத்துக்குப் பக்கம். நிதானமாகப் படித்தால்கூட புத்தகம் கிட்டத்தட்ட அந்த நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதைக்குக் கிடைத்தது திரையரங்கப் பதிப்பில் ஒன்பது மணி நேரத்துச் சொச்சம்தான். ஒன்றில் கூழுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார்கள், இன்னொன்றில் பாலைச் சுண்டக் காய்ச்சினார்கள். இரண்டுக்கும் இயக்குநர் ஒருவரே, பீட்டர் ஜாக்சன். சுண்டக் காய்ச்சியதன் மூன்றாம் பாகத்துக்குப் பதினொரு ஆஸ்கர் கிடைத்தது.

அந்த மூன்று படங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் இன்னும் சந்திக்காத ஒருவர் உண்டு, டாம் பாம்படில். காட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு திரிகிறவர், மோதிரத்தைக் கையில் போட்டாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது. கதை நகர அவர் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். திரைக்கதை என்று பார்த்தால் அது நியாயம்தான். புத்தகத்தில் பில்போ ஊரைவிட்டுப் போன பிறகு ஃப்ரோடோ கிளம்புவதற்குள் பதினேழு வருடம் போகிறது. படத்தில் அது உறைப்பதே இல்லை. ஃபரமிரை மாற்றியதுதான் எனக்கு ஒப்பவில்லை. புத்தகத்தில் மோதிரத்தின் மேல் ஆசைப்படாத ஆள் அவன், படத்தில் ஃப்ரோடோவைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாதி வழி போகிறான்.

விட்டுப்போனதில் பெரியது கடைசியில் வருகிறது. படத்தில் நாலு ஹாபிட்களும் ஊர் திரும்புகிறார்கள், ஊர் அப்படியே இருக்கிறது, பீர் குடிக்கிறார்கள். புத்தகத்தில் அவர்கள் திரும்பும்போது ஊர் ஊராக இல்லை. மரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். பழைய மாவு ஆலையை இடித்துவிட்டு, புகை கக்கிக்கொண்டு ஆற்றில் கழிவைவிடும் புதிய ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். விளைந்ததை யாரோ அள்ளிக்கொண்டு போகிறார்கள். உலகத்தைக் காப்பாற்றிவிட்டு வந்தவர்கள் சொந்த ஊரில் இன்னொரு சண்டை போட வேண்டியிருக்கிறது. மீத்தேன், ஹைட்ரோகார்பன் என்று நம் ஊர்களில் பந்தல் போட்டு உட்கார்ந்ததையும், 2020-இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் வந்ததையும் பார்த்தவர்கள் நாம். அந்த அத்தியாயத்தை நான் இரண்டாம் முறை படித்தது அந்த வருடங்களில்தான். முதல் முறை இருபத்தைந்து வயதில், 'கதைதான் முடிந்துவிட்டதே, ஏன் இழுக்கிறார்' என்று தள்ளிக்கொண்டு போயிருந்தேன். படம் பார்த்தவருக்கு அந்த ஒரு அத்தியாயத்துக்காகவே மூன்றாம் பாகம் கையில் இருக்கலாம். முதல் பாகம் ஆரம்பத்தில் வண்டல் மண்ணில் நடப்பது போல இருக்கும், கால் வராது. நூறு பக்கம் பொறுங்கள்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' விஷயத்தில் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தொடர் 2011-இல் ஆரம்பித்து 2019-இல், எட்டு சீசன், எழுபத்து மூன்று எபிசோடோடு முடிந்தது. புத்தகம் முடியவில்லை. ஐந்தாவது பாகம் 2011-இல் வந்தது, ஆறாவதுக்கு உலகமே காத்திருக்கிறது. ஆறாவது சீசன் வாக்கில் தொடர் புத்தகத்தைத் தாண்டிப் போய்விட்டது. ஆகவே தொடரின் முடிவு பிடிக்காமல் போய், புத்தகத்திலாவது ஒழுங்கான முடிவு இருக்கும் என்று ஓடினால் அங்கே முடிவே இருக்காது. இது தெரிந்து படித்தால் வருத்தமில்லை. இதை எழுதிய ஜார்ஜ் மார்ட்டின் முன்பு தொலைக்காட்சிக்கு எழுதிக்கொண்டிருந்தவர். பட்ஜெட்டுக்காகக் காட்சிகளைக் குறைத்துக் குறைத்து அலுத்துப்போய், யாராலும் படமாக்க முடியாத அளவுக்குப் பெரிதாக எழுதுவோம் என்றுதான் இதைத் தொடங்கினார். அப்படியும் வந்து படமாக்கிவிட்டார்கள். ஆனால் முதல் சீசனில் டிரியன் போருக்குக் கிளம்பிய நிமிடமே தலையில் அடிபட்டு மயங்கி விழுவான், கண் விழித்தால் போர் முடிந்திருக்கும். புத்தகத்தில் அவன் அந்தப் போர் முழுக்கச் சண்டை போடுகிறான். காசு இல்லாததால் வந்த மயக்கம் அது! புத்தகத்தின் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு ஆளின் கண் வழியாகவே போகும். தலைப்பே பெரும்பாலும் அவர் பெயர்தான். யார் மனசில் என்ன என்பது படிக்கிற நமக்குத் தெரியும், அவர்களில் ஒருவர் மனசு இன்னொருவருக்குத் தெரியாது. நான்காம் ஐந்தாம் பாகங்கள் பெரும்பாலும் ஒரே காலத்தில் வேறு வேறு ஆட்களுக்கு நடப்பவை, அது தெரியாமல் குழம்பாதீர்கள். தங்கை கையில் மட்டும் இது வேண்டாம், இன்னும் சில வருடம் போகட்டும்.

தங்கைக்கு நான் கொடுப்பது பெர்சி ஜாக்சன். ஐந்து புத்தகம், 2005 முதல் 2009 வரை. பன்னிரண்டு வயதுப் பையன் தன் கதையைத் தானே சொல்கிறான், பள்ளியில் அவனுக்கு எழுத்து தலைகீழாகத் தெரியும், வாத்தியார்களுக்கு அவனைக் கண்டால் ஆகாது. தேவர்களும் மனிதர்களும் கலந்து பெற்ற பிள்ளைகள் என்றால் மகாபாரதம் கேட்ட வீட்டில் தனியாக விளக்க வேண்டியதில்லை. கர்ணனுக்கு அமெரிக்காவில் ஒரு சித்தப்பா மகன் இருந்தால் இப்படித்தான் இருப்பான். 2010-இல் வந்த படத்தில் அவனைப் பெரிய பையனாக்கிவிட்டார்கள், அத்தோடு சுவாரசியம் பாதி போயிற்று. 2023 கடைசியில் தொடங்கிய தொடரில் வயதைத் திரும்பக் குறைத்தார்கள், எழுதியவர் ரிக் ரயர்டனும் அதில் இருந்தார். இரண்டையும் அவளே பார்த்து ஒப்பிடட்டும்.

அப்புறம் அவளுக்கு 'எர்த்சீ'. அர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய முதல் நாவல் மெலிசான புத்தகம். ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரிந்தால் அதை ஆளலாம் என்பது அங்கே மந்திரத்தின் அடிப்படை. இதை எங்கள் கடைக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்ததற்கு வேறொரு காரணம் உண்டு. கதாநாயகன் கெட் செம்பு கலந்த மாநிறம், அந்தத் தீவுகளின் சனங்களில் பெரும்பாலோர் கறுப்பும் மாநிறமும்தான். 2004-இல் இது தொலைக்காட்சிக்கு வந்தபோது கெட் வெள்ளைக்காரனாகிவிட்டான். லெ குவின் பொறுக்காமல் அதைக் கண்டித்துப் பொதுவில் எழுதினார். கம்பர் செய்த மாற்றம் ஒரு வகை என்றால் இது அதற்கு நேர் எதிர். நம் நிறத்துப் பிள்ளையைக் கதையிலிருந்தே துடைத்த வேலை.

நார்னியாவைப் பற்றி யாராவது கேட்டால் வரிசைச் சண்டைக்குள் போகாமல் 1950-இல் வந்த அலமாரிக் கதையில் ('தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்') ஆரம்பிக்கச் சொல்லுங்கள். கதைக்காலப்படி முதலாவது என்று அட்டையில் போட்டிருப்பது 1955-இல் வந்தது, அலமாரிக் கதையைப் படித்தவருக்குத்தான் அது ருசிக்கும். 'வீல் ஆஃப் டைம்' பதினான்கு பாகம், தொடர் மூன்று சீசனோடு 2025-இல் நின்றுவிட்டது. பதினான்கையும் படிக்கத் துணிவிருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள். 'எரகான்' படத்தை மறந்துவிடலாம்.

இப்போது அப்பாயி.

எங்கள் வீட்டில் இருந்த பொன்னியின் செல்வன், பெரியம்மா வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணியது. மூன்றாம் பாகம் 'கொலை வாளி'ல் நாலைந்து அத்தியாயம் கிடையாது, யாரோ இரவல் வாங்கித் திருப்பவில்லை. பத்து வருடம் அந்த ஓட்டையை நானே கதை கட்டி நிரப்பி வைத்திருந்தேன். பிறகு நூலகத்தில் முழுப் பிரதி கிடைத்துப் படித்தபோது, சே, என் கதை இதைவிட நன்றாக இருந்ததே என்று தோன்றியது, நிஜமாகவே. 2022 செப்டம்பரில் படத்துக்குப் போய் உட்கார்ந்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொருவர் வீட்டிலும் ஒவ்வொரு பொன்னியின் செல்வன் இருக்கிறது. புத்தகம் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில், குதிரை ஒன்று நிதானமாகப் போவதில் தொடங்குகிறது. படம் போர்க்களத்தில் தொடங்குகிறது. காவிரிக்கரைக் கதையை எடுக்கத் தாய்லாந்து வரை போனார்கள் என்று நம் ஊர்க்காரர்கள் முகம் சுளித்தது எனக்கும் தெரியும். ஆனால் 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய ஐந்து பாகத்தை ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்க வேண்டும் என்றால் யாரையாவது படகிலிருந்து இறக்கித்தான் ஆக வேண்டும்.

அப்படி இறக்கப்பட்டவள் மணிமேகலை. கடம்பூர் சம்புவரையர் மகள், கந்தன்மாறனின் தங்கை, வந்தியத்தேவன் மேல் ஆசை வைத்தவள். (முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.) தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூத்தொடுக்கும் சேந்தன் அமுதன் யார் என்ற முடிச்சையும் படத்தில் எடுத்துவிட்டார்கள், மகுடம் மதுராந்தகருக்கே போகிறது. எனக்குப் பிடிக்காவிட்டாலும் அதற்கு ஒரு காரணம் சொல்லலாம். ஆள்மாறாட்ட ரகசியத்தைத் திரையில் விளக்க நேரம் பிடிக்கும், சரித்திரத்தில் பட்டத்துக்கு வந்தவரும் உத்தம சோழர் என்ற மதுராந்தகர்தானே. மணிமேகலை விஷயத்தில் எந்தக் காரணமும் என்னிடம் நிற்கவில்லை. ஏனென்றால் கல்கி அத்தனை ராஜா ராணிகளையும் விட்டுவிட்டு, நாவலின் கடைசி அத்தியாயத்தை அந்தப் பெண்ணுக்குத்தான் கொடுத்தார். அதற்கு 'மலர் உதிர்ந்தது' என்று பெயர். வந்தியத்தேவன் மடியில் அவள் உயிர் போகிறது. அத்தோடு கதை முடிகிறது.

ஆகவே அப்பாயி கேட்பது சரியான கேள்வி, தம்பி. கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாகிவிட்டன. மதுரைத் திட்டத்தின் தளத்தில் ஐந்து பாகமும் இலவசமாகக் கிடைக்கும், போனிலேயே படிக்கலாம். அவருக்குக் கண் சரியாகத் தெரிகிறதோ என்னவோ, கடைசி அத்தியாயத்தை மட்டும் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். ஒரு சாயங்காலம் போதும். தங்கையும் பக்கத்தில் இருக்கட்டும்.